நீல மூடி

எங்கள் மூன்றாவது மாடியில் எந்த வீட்டில் என்ன நடந்தாலும் முதலில் எனக்குத்தான் தெரியும். நான் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை. என் தையல் மெஷின் வாசலை ஒட்டிக் கிடக்கிறது, அவ்வளவுதான். திரைச்சீலைக்கு விளிம்பு அடிக்கிறவளுக்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சத்துக்காகக் கதவைத் திறந்து வைத்தால் ஊர்க்கதையும் கூடவே உள்ளே வருகிறது. அதற்கு நான் என்ன செய்ய?

எதிர்வீட்டில் மூன்று பேர். அவர் வெல்டர். ஜன்னல் கம்பியும் இரும்புக் கதவும் செய்கிற பட்டறையில் வேலை. அவள் சலவை ஆலையில் துணி பிரிக்கிறவள். பெண்ணுக்குப் பத்து வயது. அவளுக்கு நல்லதாக ஒரு பேர் வைத்திருக்கிறார்கள், ஆனால் மாடியில் அத்தனை பேருக்கும் அவள் ரேடியோ. காதில் ஒரு தடவை விழுந்ததை வரி பிசகாமல் திருப்பிச் சொல்லிவிடுவாள். கீழ்மாடிப் பெண்கள் இரண்டு பேர் படிக்கட்டில் போட்ட சண்டையை ஒருநாள் இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினாள். சண்டைக்காரிகளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு ராசியாகிப் போனார்கள்.

ரேடியோவின் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதில் அவளுக்கு வெட்கமும் கிடையாது. ஆலைக்கு ஆஸ்பத்திரி விரிப்பு வரும், ஹோட்டல் விரிப்பு வரும், விடுதி விரிப்பு வரும். எல்லாம் வெள்ளை. மூலையில் ஒரு நூல் தைத்திருப்பார்கள். நீலம் என்றால் ஆஸ்பத்திரி, சிவப்பு ஹோட்டல், மஞ்சள் விடுதி. ஆவி பறக்கிற கூடத்தில் காலை ஆறு மணிக்கு நின்றால் சாயங்காலம் ஐந்து வரை அந்த நூலைப் பார்த்துப் பார்த்துப் பிரிக்க வேண்டும்.

"பதிமூணு வருஷம் ஆச்சுக்கா. ஒரு துணி மாத்திப் போட்டேன்னு யாரையாச்சும் சொல்லச் சொல்லுங்க பாப்போம்" என்பாள். "போன வருஷம் படிச்ச பொண்ணுங்க ரெண்டு பேரு வந்தாளுங்க. சீட்டுப் பாத்துப் பிரிக்கிறேன்னு ஆஸ்பத்திரி விரிப்பை ஹோட்டலுக்கு அனுப்பிட்டாளுங்க. எழுத்து ஏமாத்தும்க்கா. நிறம் ஏமாத்தாது."

வெல்டர் எழுத்துக் கூட்டிப் படிப்பார். பேருந்தின் பலகையை அவர் படித்து முடிப்பதற்குள் பேருந்து போய்விடும். அவரே சொல்லிச் சிரிப்பது அது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டேப் கொடுத்தார்கள், சிலேட்டு அளவில் தொடுதிரை வைத்தது. பாடம் எல்லாம் அதற்குள். பாடம் வரும், கேள்வி வரும், சரியான விடையைத் தொட்டால் பச்சைக் குறி விழும், தப்பென்றால் சிவப்பு. வந்த புதிதில் ரேடியோவுக்குச் சிவப்பாக விழுந்துகொண்டிருந்தது. ஒருநாள் டேப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அத்தை, இதுல என்ன கேக்குறாங்க?"

எனக்கு அன்றைக்குள் பதினாறு சீலை முடித்தாக வேண்டும். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் பார்த்தேன். கேள்விக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு காது படம். தொட்டேன். ஒரு பெண் குரல் தேன் ஊற்றுகிற மாதிரி கேள்வி முழுவதையும் படித்தது. விடைகளுக்குப் பக்கத்திலும் காது. அதையும் படித்தது.

"இதை அமுக்குடி. அதுவே படிச்சுச் சொல்லும். என் உயிரை வாங்காத" என்றேன். ஏதோ பெரிய வித்தையைக் கற்றுக்கொடுத்துவிட்ட பெருமை வேறு எனக்கு.

அதற்குப் பிறகு பச்சைதான். வயல் மாதிரி பச்சை. அவ்வப்போது பள்ளியில் இருந்து ஒரு தாள் வரும், 'இம்மாதத்தின் சிறந்த வாசகர்' என்று. வெல்டர் பட்டறையில் மிஞ்சிய தகரத்தில் சட்டம் செய்து மாட்டினார். நான்கு சட்டங்கள் சுவரில் ஏறின. பெற்றோர் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த அன்று ரேடியோவின் அம்மா என் வாசலில் செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றாள்.

"டீச்சர் பெரிய திரையில காட்டுனாங்கக்கா. நாப்பது பிள்ளைங்க. சில பிள்ளைக்குப் பச்சையும் சிவப்பும் கலந்து கிடக்கு. இவளுக்கு ஒரு பொட்டு சிவப்பு இல்ல. எனக்கு எழுத்து தெரியாது, நிறம் தெரியும்ல?"

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

டேப்பை ரேடியோ இடுப்புப் பிள்ளை மாதிரி எங்கேயும் தூக்கிக்கொண்டு திரிந்தாள். அதில் இன்னொரு வசதியும் இருந்தது. எந்தக் காகிதத்தையும் படம் பிடித்தால் அந்தப் பெண் குரல் படித்துவிடும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், இந்தப் பெண் எதைக் கொடுத்தாலும் கொஞ்ச நேரம் உள்ளே போய்விட்டு வந்து மடமடவென்று படித்துவிடுகிறாள் என்பது. மாடியில் யாருக்கு என்ன தாள் வந்தாலும் அவளிடம்தான் கொடுத்தோம்.

ஒரே ஒருநாள் எனக்கு லேசாக ஏதோ தட்டுப்பட்டது. படிக்கட்டுச் சுவரில் தண்ணீர் நிறுத்தப் போவதாக அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ரேடியோ அதன் முன்னால் கையை வீசிக்கொண்டு நின்றாள். டேப் வீட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

"அத்தை, நான் டீச்சர். நீங்க என் கிளாஸ் பிள்ளை. எங்க, இதைப் படிங்க பாப்போம்."

"நாளை காலை பத்து முதல் மாலை நான்கு வரை தண்ணீர் வராது" என்று படித்தேன்.

"கரெக்ட். உக்காரு" என்றாள் டீச்சர் குரலில்.

நான் சிரித்துக்கொண்டே மேலே வந்தேன். ரேடியோ தன் வீட்டுக்குள் போய் அம்மாவிடம் அதே வரியைச் சொல்வது காதில் விழுந்தது. "அம்மா, கீழ போட்டிருக்கான். நாளை காலை பத்து முதல் மாலை நான்கு வரை தண்ணீர் வராது." என் கை ஒரு நிமிஷம் மெஷின் சக்கரத்தின் மேலேயே நின்றது. அப்புறம் தைக்க ஆரம்பித்துவிட்டேன். அடுத்த வீட்டு விவகாரம் நமக்கெதற்கு என்று இருந்துவிட்டேன். அடுத்த வீட்டு விவகாரம் அத்தனையும் தெரிந்த நான்.

வெல்டருக்குக் கண்ணில் அடிபட்டது மூட்டம் போட்டிருந்த ஒரு வாரத்தில். வானம் ஈயத் தகடு மாதிரி கவிந்து கிடந்தது. மழையும் பெய்யவில்லை, வெயிலும் அடிக்கவில்லை. வராந்தாக் கொடியில் போட்ட துணி மூன்று நாளாகியும் ஈரம் விடவில்லை. பட்டறையில் பற்றவைத்த கம்பியைத் தேய்க்கும்போது தெறித்த துகள் இடது கண்ணுக்குள் போய்விட்டது. கண் ஆஸ்பத்திரியில் துகளை எடுத்துவிட்டார்கள். ஒரு கண் அசைந்தால் மற்றதும் அசையும் என்று இரண்டு கண்ணையும் பஞ்சு வைத்து ஒட்டி அனுப்பினார்கள். பத்து நாள் அப்படி இருக்க வேண்டும். இடது கண்ணில் மட்டும் சொட்டு மருந்து, நான்கு வேளை.

நான் முட்டையும் ரொட்டியும் கொண்டுபோய்ப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அத்தனை பெரிய உடம்பு, கை வைக்க இடம் தெரியாமல் மடியில் வைத்திருந்தது.

"இருட்டுல உக்காந்தா நேரமே போகமாட்டேங்குதுக்கா. எறும்பு நடக்குற சத்தம் கேக்குது."

"மருந்தெல்லாம் யாரு போடுறா? அவ வேலைக்குப் போயிடுறாளே?"

"எங்க வீட்டுல ஒரு டாக்டரம்மா இருக்காங்களே. பாப்பா, அத்தைக்குப் படிச்சுக் காட்டு."

ரேடியோ ஜன்னல் திண்டிலிருந்து நீல மூடி போட்ட சின்ன பாட்டிலை எடுத்தாள். விரலை எழுத்துக்கு அடியில் ஓட்டியபடி படித்தாள். "கண்ணுக்கு மட்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை. ஒரு முறைக்கு இரண்டு சொட்டு. உபயோகிக்கும் முன் கைகளை நன்றாகக் கழுவவும்."

செய்தி வாசிக்கிற மாதிரி இருந்தது. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தம், எங்கே இழுக்க வேண்டுமோ அங்கே இழுப்பு. அந்தத் தேன் குரல் மாதிரியே இருந்தது. எனக்கு ஏனோ முதுகில் சில்லென்றது. மூட்டம் போட்ட குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜன்னல் திண்டில் அதே அளவில், அதே கம்பெனிக்காரனின் இன்னொரு பாட்டில் சிவப்பு மூடியோடு இருந்தது. அது ரேடியோவின் அம்மாவுக்கு. சலவை ஆலையின் ஆவியில் நின்று நின்று காது அடைத்து, காதுக்குள் இறுகியதைக் கரைக்க மருந்து கொடுத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் பள்ளி விடுமுறை விட்டது. பிள்ளைகளின் டேப்பையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏதோ அப்டேட்டாம். பள்ளி திறக்கும்போது திரும்பக் கொடுப்பார்களாம். ரேடியோ காலிப் பையோடு வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

"என்னடி ரேடியோ, பேட்டரி போயிடுச்சா?" என்றேன்.

எப்போதும் பதிலுக்குப் பதில் பேசுகிறவள். அன்று என்னைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

அடுத்த நாள் ஞாயிறு. ரேடியோவின் அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டைச் சலவை ஆலை ஆக்கிவிட வேண்டும். கையில் அகப்பட்டதையெல்லாம் கொதிக்கிற தண்ணீரில் போடுவாள். சீப்பு, கரண்டி, பூட்டுச் சாவி, எதுவும் தப்பாது. "ஆஸ்பத்திரி விரிப்புல என்னென்ன இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதுக்கா. நான் கண்ணால பாக்குறவ. கொதிச்சு எடுத்தாத்தான் எனக்கு மனசு ஆறும்" என்பாள். நான் ஊசி கேட்டு உள்ளே போனபோது ஒரு கிண்ணத்தில் வெந்நீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதில் சீப்போடு நீல மூடியும் சிவப்பு மூடியும் மிதந்தன. மூடி இல்லாத இரண்டு பாட்டிலும் இரட்டைப் பிள்ளை மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நின்றன. திண்டைத் துடைக்க அவற்றை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தாள்.

பார்த்தேன். பார்த்துவிட்டு ஊசியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் நின்று பேசினாள்.

"எனக்கு இப்பத்தான்க்கா மருந்து பிடிக்குது. முன்னாடி ஊத்துனா காது சுருக்குனு இழுக்கும். ரெண்டு நாளா தண்ணி மாதிரி ஜில்லுனு இறங்குது."

"அவருக்கு எப்படி இருக்கு?"

"அவருக்குத்தான் எரியுதாம். நேத்து ராத்திரி பூரா முனகல். ஆனா டாக்டரே சொன்னாருல்ல, கொஞ்சம் எரிச்சல் இருக்கும்னு. மருந்துன்னா எரியத்தானே செய்யும்? எரியாத மருந்து என்ன மருந்து?"

நானும் தலையை ஆட்டினேன். அவள் போன பிறகு எதிர்வீட்டுக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற குரல்.

"போடு பாப்பா. ஒண்ணும் ஆகாது. அப்பா இரும்பு உருக்குறவன், இதுக்கெல்லாம் பயப்படுவனா?"

பிறகு காலால் தரையை உதைக்கிற சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. என் மெஷின் சத்தத்துக்கு மேலே அது கேட்டது.

புதன் மதியம் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அறைக்குள் புழுக்கமும் பஞ்சு நாற்றமும். இடது கண்ணின் பஞ்சு ஒரு பக்கம் கிடந்தது. இமை அழுகின தக்காளி மாதிரி வீங்கி, ஓரத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"ஐயோ, இது என்ன கோலம்? டாக்டர்கிட்ட போகலையா?"

"வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்காருக்கா. மருந்து உள்ள இறங்கி வேலை செய்யுது. கெட்டதெல்லாம் வெளிய வருதாம், அவ சொன்னா." சிரிக்கப் பார்த்தார். உதடு கோணியது. "பன்னெண்டு மணி மருந்து போட்டாச்சுன்னா சாப்பிடுவேன். பாப்பா, எங்க?"

ரேடியோ நீல மூடி பாட்டிலை எடுத்தாள். கை கழுவியிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"வேணாம்ப்பா. இன்னிக்கு வேணாம்."

"அட, தப்பக் கூடாதுடி. என்ன எழுதியிருக்கு? அத்தைக்குக் கேக்குற மாதிரி படி."

அவள் விரலை எழுத்துக்கு அடியில் வைத்தாள். "கண்ணுக்கு மட்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை. ஒரு முறைக்கு..."

நான் பக்கத்தில்தான் நின்றேன். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. அவள் வாய் கண்ணுக்கு என்று சொன்னபோது விரல் இருந்த இடத்தில் 'காதுக்கு மட்டும்' என்று அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் 'கண்ணில் படக்கூடாது'. அந்த வரிக்கு அடியிலும் அவள் விரல் நிதானமாக ஓடியது. வாய் "கைகளை நன்றாகக் கழுவவும்" என்றது.

தண்ணீர் அறிவிப்பு ஞாபகம் வந்தது. தேன் குரல் ஞாபகம் வந்தது. காது படம் ஞாபகம் வந்தது.

ரேடியோ நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கண்டுகொண்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எதைக் கண்டுகொண்டேன் என்று அவளுக்குத் தெரியாது. அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறதென்று அந்த நிமிஷம் வரை அவளுக்கு உண்மையாகவே தெரியாது.

வெல்டர் தலையை அண்ணாந்து, இரண்டு விரலால் இமையைப் பிரித்துப் பிடித்தபடி காத்திருந்தார்.

"என்னக்கா சத்தத்தைக் காணோம்? சரியாத்தான படிக்கிறா?"

"மருந்து தீர்ந்துபோச்சு" என்றேன். "எழுந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

போகிற வழியில் வண்டிக்குள் சொன்னேன், மூடி மாறிவிட்டது போலிருக்கிறது என்று. ரேடியோ என் சேலைத் தலைப்பை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டே வந்தாள்.

மூடி மாறியதைச் சொன்னதும் கண் டாக்டர் கண்ணைக் கழுவினார், கழுவினார், அப்படிக் கழுவினார். அதற்குள் ஆலையில் இருந்து அவளும் ஓடிவந்துவிட்டாள். தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை.

"யாரு மருந்து போட்டது?" என்றார் டாக்டர்.

"பொண்ணுதான் சார். படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டா" என்றார் வெல்டர்.

"படிச்சுப் பாத்தாளா? மூடி மாறினா லேபிளுமா மாறும்? என்னம்மா, நீ படிச்சியா?"

ரேடியோவின் வாய் திறந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"சின்னப் பொண்ணு சார். மூடியைப் பாத்துட்டு அவசரத்துல போட்டுட்டா. லேபிளைக் கவனிக்கல. அவங்க அம்மா மூடியைக் கழுவினப்போ மாறிப்போச்சு."

பொய் ஒன்றும் இல்லை. மூடி மாறியது உண்மை. கழுவியது உண்மை. ஆனால் நான் சொன்னபடி சொல்லும்போது அத்தனையும் போய் ஒருத்தி தலையில் விழுந்தது. ரேடியோவின் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நானா? என் கையாலயா? கொதிச்ச தண்ணியில போட்டேனே... சுத்தமா இருக்கணும்னு..." தன் கையையே தன் தலையில் அடித்துக்கொண்டாள். அழுகைகூட வரவில்லை. அடிக்கிற சத்தம்தான்.

டாக்டர் குரலைத் தணித்தார். "கருவிழி வெந்திருக்கும்மா. பத்து நாள் போனாத்தான் எதுவும் சொல்ல முடியும். இன்னொரு தடவை ஏதாவது தப்பு நடந்துச்சுன்னா அந்தக் கண்ணு தங்காது. சொல்லிட்டேன்."

மூன்று மருந்து கொடுத்தார். ஒன்று இரண்டு மணிக்கொரு தரம். ஒன்று காலையும் மாலையும். ஒன்று படுக்கும்போது மட்டும். அது வீரியமான மருந்து, பகலில் போட்டால் ஆபத்து. மூன்று பாட்டிலும் ஒரே அளவு. மூன்றுக்கும் வெள்ளை மூடி.

மறுநாள் நான் நீலம், சிவப்பு, மஞ்சள் என்று மூன்று நூலை எடுத்துக்கொண்டு போனேன். பாட்டில் கழுத்தில் கட்டிவிடலாம் என்று. ரேடியோவின் அம்மா என் கையைத் தள்ளிவிட்டாள்.

"வேணாம்க்கா. நிறத்தை நம்பித்தான் அவரு கண்ணை அவிச்சேன். இனிமே நூலும் வேணாம், நிறமும் வேணாம். எழுத்துதான். பாப்பா படிச்சுச் சொல்லணும், அப்புறம்தான் சொட்டு விழணும்." பெண்ணின் பக்கம் திரும்பினாள். "இனிமே ஒவ்வொரு எழுத்தா படிக்கணும்டி. அவசரப்படக் கூடாது. உன்னை விட்டா எங்களுக்கு யாரு இருக்கா?"

அவளிடம் மிச்சமிருந்த ஒரே படிப்பு நிறம். அதை அவள் தூக்கிப் போட்டுவிட்டாள். தூக்கிப் போட வைத்தவள் நான்.

அன்று சாயங்காலம் ரேடியோ என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தை, சொல்லிடாதீங்க."

"உனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாதாடி?"

"என் பேரு எழுதுவேன். போர்டுல இருக்கிறதைப் பாத்து அழகா எழுதுவேன். சில எழுத்து தெரியும். சேத்துப் படிச்சா கலைஞ்சு போயிடுது." மெஷினின் தட்டை விரலால் தேய்த்தாள். "டேப் வந்துட்டா எல்லாம் சரியாயிடும் அத்தை. அது எல்லாத்தையும் படிச்சிடும்."

"டீச்சருக்குத் தெரியாதா?"

"டீச்சர் பச்சையைத்தான் பாப்பாங்க."

அந்தக் காது படத்தை யார் காட்டினார்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

சொல்லவில்லை நான். பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன். மருந்து வேளைக்கெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி எதிர்வீட்டுக்குப் போனேன். உப்பு கேட்டு, கத்தரி தேடி, சும்மா பேச. ரேடியோ பாட்டிலைத் தூக்குவாள், நான் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டுவேன், பிறகுதான் சொட்டு. அலமாரியில் மூன்றையும் வரிசையாக வைத்தேன். "இடப்பக்கம் பகலுக்கு, நடுவுல காலை மாலைக்கு, வலப்பக்கம் படுக்கும்போது. நான் இல்லாதப்போ தொடாத" என்று அவள் காதில் ஓதினேன். அவள் ஒரு தடவை கேட்டால் போதுமே.

ஐந்து நாள் ஓடியது. வானம் அப்படியே கவிந்து கிடந்தது. வெல்டர் கொஞ்சம் தெளிந்தார். "வெளிச்சம் மாதிரி ஏதோ தெரியுதுக்கா, இடதுல" என்றார் ஒரு காலையில். ரேடியோவின் அம்மா அன்று ஆலைக்குப் போகும்போது படியில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனாள், யாரையென்று இல்லாமல்.

ஆறாம் நாள் சீலைக் கட்டைக் கடையில் கொடுக்க வேண்டியிருந்தது. பத்து மணி மருந்தைப் போட வைத்துவிட்டுக் கிளம்பினேன். பன்னிரண்டுக்குள் வந்துவிடலாம் என்று கணக்கு. கடைக்காரர் ஒவ்வொரு விளிம்பையும் இழுத்துப் பார்த்தார். திரும்பும்போது பேருந்து நின்று போனது. நான் இறங்கி நடந்தேன். நடந்தேன் என்ன, ஓடினேன். என் வயதுக்கு அது ஓட்டம்தான். மாடி ஏறும்போது பன்னிரண்டரை.

எதிர்வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அலமாரி பளபளவென்று துடைத்திருந்தது. அப்படித் துடைக்கிறவள் ரேடியோவின் அம்மாதான். ஆனால் அவள் ஆலையில் அல்லவா இருக்கிறாள்? வெந்நீர்க் கிண்ணம் மேடையில் இருந்தது. ஓரமாக நின்ற ரேடியோவின் கை ஈரமாக இருந்தது. அம்மா மாதிரியே அவளும் அலமாரியைக் கழுவித் துடைத்திருக்கிறாள். சுத்தமாக இருந்தால் அப்பாவுக்கு நல்லது என்று நினைத்திருப்பாள். மூன்று பாட்டிலும் தரையில் நின்றன. எது இடம், எது வலம் என்று இனி அவளுக்கும் தெரியாது.

"அத்தை வரட்டும்ப்பா."

"அத்தை எதுக்குடி எப்பப் பாத்தாலும்? அரை மணி நேரம் தாண்டிடுச்சு. டாக்டர் என்ன சொன்னாரு? நேரம் தப்பக் கூடாது. எடு, படி, ஊத்து."

அவள் ஒரு பாட்டிலை எடுத்தாள். கீழே வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். வாய் அசைந்தது, குரல் வரவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா."

"ம்."

"எனக்குப் படிக்கத் தெரியாது."

கீழே எங்கேயோ தண்ணீர் சொட்டுகிற சத்தம்.

வெல்டர் சிரித்தார். அடிபட்டதிலிருந்து அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

"போடி இவளே. மருந்து போட பயமா இருக்குன்னு சொல்லு. படிக்கத் தெரியாதாம்! சுவத்துல நாலு சட்டம் தொங்குது, என் கையால அடிச்ச சட்டம். கண்ணு மூடியிருந்தாலும் எனக்கு அது தெரியுது." தலையை அண்ணாந்து சுவரில் சாய்த்தார். பஞ்சை விலக்கி, இரண்டு விரலால் இடது இமையைப் பிரித்துப் பிடித்தார். சிவந்த அந்தக் கண் கூரையைப் பார்த்தது. "ம். எது கையில இருக்கோ அதைப் படிச்சுட்டு ஊத்து. எனக்கு உன்மேல நம்பிக்கை இருக்கு."

ரேடியோ திரும்பி என்னைப் பார்த்தாள். கையில் இருந்த பாட்டிலை என் பக்கம் நீட்டினாள். இவ்வளவு தூரத்தில் எனக்கும் அதன் எழுத்து தெரியவில்லை.

"அவ சொல்றது நெசம்" என்றேன். "அவளுக்குப் படிக்கத் தெரியாது. காதால கேட்டுக் கேட்டு ஒப்பிச்சிருக்கா. அந்த வழியைக் காட்டிக் கொடுத்ததே நான்தான்."

பத்து வயதுப் பெண் ஒரே மூச்சில் சொன்னதைச் சொல்ல எனக்கு ஆறு நாள் ஆகியிருந்தது.

வெல்டர் இமையை விடவில்லை. அந்தத் திறந்த கண்ணோடு, நான்கு சட்டமும் மாட்டியிருந்த சுவர்ப் பக்கம் மெதுவாக முகத்தைத் திருப்பினார்.